முதல் வால்வு ஆம்ப் வாங்குகிறீர்களா? குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வழி

என் முதல் வால்வு ஆம்ப்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) எட்டே மாதத்தில் பாதி விலைக்கு விற்றேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஆம்ப்தான். என் ஸ்பீக்கருக்கும் என் அறைக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டாவதாக வாங்கியது நான்கு வருடமாகத் தினமும் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் செலவழித்த பணத்திலும் நேரத்திலும் பெரும்பகுதியை மிச்சம் பிடித்திருக்கலாம், யாராவது வரிசையாக எடுத்துச் சொல்லியிருந்தால்.

என் தவறு வரிசையில் இருந்தது. வால்வின் பெயரையும் படத்தையும் பார்த்து ஆம்ப்பை முதலில் வாங்கிவிட்டு, ஸ்பீக்கரைப் பிறகு யோசித்தேன். நீங்கள் ஸ்பீக்கரில் தொடங்குங்கள். வால்வின் பெயர் கடைசியில் வரட்டும்.

1. ஸ்பீக்கரின் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ அதன் கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சென்சிட்டிவிட்டி, டெசிபலில். மற்றொன்று இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடை, ஓமில்.

சென்சிட்டிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. 84 டெசிபலுக்கும் 92 டெசிபலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். உண்மையில் பெரிய வித்தியாசம். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 92 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட் கொடுக்கும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க 32 வாட் தேவை. என்னிடம் இருந்தது 84. நான் வாங்கியது 5 வாட். பாடல் மெதுவாகப் போகும்வரை அருமையாக இருந்தது. டிரம்ஸ் நுழைந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி நசுங்கியது.

இம்பீடன்ஸில், 8 ஓம் என்று எழுதியிருப்பது சராசரியைப் போன்ற ஒரு எண். சில 8 ஓம் ஸ்பீக்கர்கள் குறிப்பிட்ட அதிர்வெண்களில் 3 ஓம் வரை இறங்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாது. வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம், ஒன்றிரண்டு ஓம் இருப்பது சகஜம். அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் இடங்களில் எல்லாம் ஒலியும் சேர்ந்து ஏறி இறங்கும். இம்பீடன்ஸ் அதிகம் ஆடாத, 88 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 84, 85 என்றால் சிறிய வால்வு ஆம்ப்பை மறந்துவிடுங்கள். அல்லது ஸ்பீக்கரை மாற்றுவதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. எத்தனை வாட் வேண்டும் என்று ஊகிக்காமல் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும் இப்போது நீங்கள் பயன்படுத்தும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் போதும். அரை மணி நேர வேலை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் 120 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே சுருதியில் மாறாமல் வரும் ஒலி) ஒன்றை, மைனஸ் 12 டெசிபல் அளவில், கம்ப்யூட்டரில் உருவாக்கிக்கொள்ளுங்கள். இலவச ஆடியோ எடிட்டர்களிலேயே இந்த வசதி உண்டு. அப்புறம் உங்களுக்குப் பிடித்த, சத்தம் அதிகமுள்ள ஒரு பதிவைப் போட்டு, 'இதற்கு மேல் நான் வைக்கவே மாட்டேன்' என்ற அளவுக்கு வால்யூமைக் கூட்டுங்கள். இனி அந்தக் குமிழைத் தொடக்கூடாது. பாட்டை நிறுத்தி, ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து, சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள்.

வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். மைனஸ் 12 டெசிபல் என்பது முழு அளவில் நாலில் ஒரு பங்கு வோல்ட். பெருக்கி வந்ததை அதே எண்ணால் மறுபடி பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும்.

எனக்கு மீட்டரில் 2.3 வோல்ட் காட்டியது. நான்கு மடங்கு 9.2. அதன் வர்க்கம் 84.6. எட்டால் வகுத்தால் பத்தரை வாட். கையில் இருந்த வால்வு ஆம்ப் 5 வாட். எட்டு மாதம் கேபிளை மாற்றி, வால்வை மாற்றி, ஸ்பீக்கரை நகர்த்தி நான் தேடிய பதில் அந்த மீட்டரின் சின்னத் திரையில் இருந்தது.

கிடைத்த எண்ணை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 20 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. பலருக்கு இரண்டு மூன்று வாட் என்றுதான் வரும். அவர்கள் தாராளமாகச் சிறிய ஆம்ப்பையே வாங்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. பாட்டுச் செயலிகளில் ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். அடுத்தது, ஸ்பீக்கரைக் கழற்றி அளப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் மட்டும்தான். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்து போகலாம்.

3. வகையைத் தீர்மானியுங்கள்

இப்போது வாட் தெரியும். இனி வகை எளிது.

சிங்கிள் எண்டட்: ஒரு சேனலுக்கு ஒரு பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு). கீழே வரும் இஎல்84, 300பி போன்றவை வால்வு மாடல்களின் பெயர்கள். இஎல்84 என்றால் 5 வாட்டுக்குள், 300பி என்றால் 8 வாட் அளவில், இஎல்34 என்றால் இணைப்பைப் பொறுத்து 5 முதல் 10 வாட் வரை. அமைப்பு எளிமையானது, குரலுக்கு இனிமையானது. ஸ்பீக்கர் 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

புஷ்-புல்: ஒரு சேனலுக்கு இரண்டு பவர் வால்வு. இஎல்84 ஜோடியில் 12 முதல் 15 வாட், இஎல்34 ஜோடியில் 30 முதல் 40, கேடி88 ஜோடியில் அதற்கும் மேல். சாதாரண ஸ்பீக்கர், சாதாரண அறை, எல்லா வகை இசையும் என்றால் குறைந்த செலவில் நிம்மதி தருவது இஎல்84 அல்லது இஎல்34 புஷ்-புல்தான். நான் இப்போது வைத்திருப்பது இஎல்34.

ஹைபிரிட்: முன்னால் ஒன்றிரண்டு சின்ன வால்வு, ஸ்பீக்கரை ஓட்டுவது டிரான்சிஸ்டர் அல்லது சிப். நேர்மையாகச் செய்த ஹைபிரிட்கள் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் 'வால்வு ஆம்ப்' என்ற பெயரில் மிக மலிவாக வரும் கையடக்கப் பெட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை. சிலவற்றில் வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் சில பத்து வோல்ட்தான், வால்வு அடியில் ஒரு ஆரஞ்சு எல்இடி வைத்திருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். அடையாளம் காண்பது சுலபம்: 50 வாட் என்று போட்டிருக்கும், எடை ஒரு கிலோகூட இருக்காது, பின்னால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. வால்வின் ஒலி வேண்டும் என்று தேடுபவர் இதில் பணத்தைப் போட வேண்டாம்.

4. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்

பவர் வால்வு வேலை செய்வது சில ஆயிரம் ஓம் உலகத்தில். உங்கள் ஸ்பீக்கர் 4 அல்லது 8 ஓம். இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்பில் விலை கூடிய உறுப்பும் இதுதான், மலிவு ஆம்ப்களில் முதலில் கை வைப்பதும் இதில்தான். வால்வு சரியில்லை என்றால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்றால் ஆம்ப்பையே மாற்ற வேண்டியதுதான்.

அடிநாதம் (பேஸ்) ஒழுங்காக வர இரும்பு வேண்டும். சிங்கிள் எண்டட் வகையில் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எப்போதும் நேர்மின்னோட்டம் ஓடுவதால் அதே வாட்டுக்கு இன்னும் பெரிய இரும்பு வேண்டும். அதனால் வாங்கும் முன் எடையைக் கேளுங்கள். என் இஎல்34 ஆம்ப் 19 கிலோ, மேசைக்குத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இதே வகையில் 'இரு பக்கமும் 40 வாட்' என்று சொல்லி 9 கிலோ என்றால் நம்பாதீர்கள். மேலே தெரியும் கறுப்பு மூடியின் அளவைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மூடி பெரிதாக இருக்கும், உள்ளே இரும்புக் கோர் சிறியதாக இருக்கும். எடையை மறைக்க முடியாது.

வாட் எந்த நிபந்தனையில் அளந்தது என்றும் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) அளந்த 40 வாட் காகிதத்தில்தான் 40. 30 ஹெர்ட்ஸில் எத்தனை வாட் என்று குறிப்பிடும் தயாரிப்பாளரிடம் நம்பி வாங்கலாம்.

4 ஓம், 8 ஓம் இரண்டுக்கும் தனித்தனி முனைகள் இருக்க வேண்டும். இல்லாத ஆம்ப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

5. பயாஸ் யார் பார்த்துக்கொள்வது?

பவர் வால்வு வழியாக, பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தைச் சரியான அளவில் வைப்பதற்குப் பெயர் பயாஸ். கேத்தோடு பயாஸ் உள்ள ஆம்ப் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். வால்வை மாற்றினால் செருகிவிட்டுப் பாட்டுக் கேட்க வேண்டியதுதான். ஃபிக்ஸட் பயாஸ் உள்ளதில் நீங்கள் அளந்து திருக வேண்டும். பெயர்தான் 'ஃபிக்ஸட்', அது தானாக நிலைத்து நிற்கும் என்று பொருள் இல்லை. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

ஃபிக்ஸட் பயாஸுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அளக்கும் முனைகளும் திருகும் இடமும் பெட்டிக்கு வெளியே, மேல் தட்டிலேயே இருக்க வேண்டும். என்னுடையதில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு துளை. அடியில் 10 ஓம் ரெசிஸ்டர். மீட்டர் 0.38 வோல்ட் காட்டினால் 38 மில்லிஆம்பியர். 430 வோல்ட்டில் இது 16 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். இஎல்34 தாங்குவது 25 வாட். கிட்டத்தட்ட 65 சதவீதம், வால்வுக்கு வசதியான இடம்.

பயாஸ் பார்க்க அடித்தட்டைக் கழற்ற வேண்டும் என்றால் அந்த ஆம்ப் உங்களுக்கு வேண்டாம். உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஒரு தொடுதல் போதும், உயிர் போகும்.

6. வால்வு நாளைக்கும் கிடைக்குமா?

பவர் வால்வின் ஆயுள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,100 மணி. அதாவது இரண்டு முதல் நான்கரை வருடத்தில் ஒரு செட் மாற்ற வேண்டும். முன்னால் இருக்கும் சின்ன வால்வுகள் 10,000 மணி வரைகூடப் போகும்.

ஆகவே இன்றைக்கும் தயாரிப்பில் உள்ள வால்வைப் பயன்படுத்தும் ஆம்ப்பை எடுங்கள். இஎல்84, இஎல்34, 6எல்6ஜிசி, கேடி88, ஈசிசி83, ஈசிசி82, 6எஸ்என்7 எல்லாம் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இப்போதும் செய்யப்படுகின்றன. 2022இல் ரஷ்ய வால்வுகள் வருவது தடைப்பட்டபோது விலை சட்டென்று ஏறியது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் செய்யப்படும் வகையாக இருந்தால் இப்படிப்பட்ட சமயத்தில் தப்பிக்கலாம். பழைய ஆம்ப் பார்க்கிறீர்கள் என்றால் வால்வுப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். ஈஎல்எல்80, 7199 போன்றவை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம்.

'பழைய கையிருப்பு, பயன்படுத்தாதது' என்று விற்கும் வால்வுகளை முதல் வருடம் தொடவே வேண்டாம். பழைய பெயரை அச்சிட்ட புதிய வால்வும், துடைத்து வைத்த பயன்படுத்திய வால்வும் அதில் கலந்திருக்கும். புகழ்பெற்ற பழைய பிராண்டுப் பெயர்கள் சில இன்று சட்டப்படியே புதிய தொழிற்சாலைகளின் கையில் இருக்கின்றன. அவை மோசமில்லை, ஆனால் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

7. புதியதா, பழையதா, கிட்டா?

முதல் முறை என்றால் புதியது, அல்லது ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கிய, ரசீது உள்ள பழையது. பல பத்தாண்டு பழைய ஆம்ப் என்றால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மாற்றப்பட்டதா, யார் மாற்றினார்கள், டிரான்ஸ்ஃபார்மர்கள் அசலா என்று கேளுங்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலை காட்டும். கிட் (நாமே கோத்துக் கட்டும் உதிரி பாகங்களின் தொகுப்பு) வாங்கிக் கட்டினால் மிச்சம்தான், ஆனால் உயர் மின்னழுத்தத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

8. பணக் கணக்கு

மொத்தம் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஆம்ப்பின் விலை 70 பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 19 கிலோ பெட்டியின் அனுப்புச் செலவு பெரிது. வெளிநாட்டில் இருந்து வந்தால் சுங்க வரியும் சேரும். அந்த வரி பெரும்பாலும் அனுப்புச் செலவையும் சேர்த்தே கணக்கிடப்படும். இதை நான் முதல் முறை மறந்தேன். 10 பங்கை ஒரு செட் மாற்று வால்வுக்கு ஒதுக்குங்கள். பவர் வால்வைப் பொருத்தம் பார்த்த ஜோடியாக வாங்க வேண்டும்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பெரும்பாலான மலிவு வால்வு ஆம்ப்களில் போனோ இன்புட் (ரெக்கார்டு பிளேயரை நேரடியாக இணைக்கும் முனை) இருக்காது. தனியாக ஒரு போனோ பெட்டி வாங்க வேண்டும்.

மின்சாரம் பெரிய செலவில்லை. 150 வாட் இழுக்கும் ஆம்ப் தினம் மூன்று மணி ஓடினால் மாதம் பதின்மூன்றரை யூனிட். வெயில் காலத்தில் அறை சூடாவதுதான் அதிகம் தெரியும்.

9. பணம் கட்டும் முன் கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

இவற்றைக் கடிதமாக, எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள்.

சர்க்யூட் வரைபடம் முதலில். இது இருந்தால் எந்த நல்ல மெக்கானிக்கும் ஆம்ப்பைப் பழுது பார்க்க முடியும். இல்லாவிட்டால் செய்தவரைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள்.

பின்பக்க மின்னழுத்தத் தகட்டின் புகைப்படம். 'சரியாகிவிடும்' என்ற வாய் வார்த்தையை ஏற்காதீர்கள். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 240 வோல்ட்டில் மாட்டினால் 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும். ஒன்பது சதவீதம் கூடுதல். வால்வின் ஆயுள் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். மூன்று முள் பிளக்கும் வேலை செய்யும் எர்த்தும் கட்டாயம்.

வாரண்டித் தாளில் டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை மாதம், வால்வுக்கு எத்தனை மாதம் என்று பிரித்துப் பாருங்கள். 'ஒரு வருட வாரண்டி' என்பதன் கீழே வால்வுக்கு மூன்று மாதம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வரட்டும். முழு விலை போட்ட ரசீது வாங்குங்கள். வரி குறையட்டும் என்று விலையைக் குறைத்துப் போடச் சொன்னால், வழியில் உடைந்தபோது நஷ்டஈடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

நேரமும் முக்கியம். திருப்பி அனுப்பும் காலம் பெட்டி கைக்கு வந்த நாளில் இருந்து ஓடும். அடுத்த ஒரு வாரம் நீங்கள் வீட்டில் இருக்கும்படி பார்த்து ஆர்டர் செய்யுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் வாரண்டி முடியும்வரை தூக்கி எறியாதீர்கள்.

10. முதல் நாள் மாலை

பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். வால்வின் மேல் முனையில் உட்புறம் வெள்ளிப் பூச்சு போல் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போயிற்று. செருகும்போது கண்ணாடியைப் பிடித்துத் திருகாமல் அடிப்பாகத்தைப் பிடித்து நேராக அழுத்துங்கள்.

ஸ்பீக்கரை இணைத்த பிறகுதான் பவர். ஆன் செய்து அங்கேயே நின்று ஐந்து நிமிடம் வால்வுகளைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சாக எரியும் இழை இயல்பு. கண்ணாடியின் உட்புறம் நீலமாகப் படர்வதும் கவலைக்குரியதல்ல. ஆனால் வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கத் தொடங்கினால் உடனே அணையுங்கள். பயாஸ் தவறிவிட்டது என்று பொருள்.

மேலே குறைந்தது 20 செண்டிமீட்டர் திறந்த இடம் வேண்டும். பவர் வால்வின் கண்ணாடி 200 டிகிரியை எட்டக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேல் கூண்டைக் கழற்றாதீர்கள்.

அரை மணி கழித்துப் பயாஸைப் பாருங்கள். அப்புறம் ட்வீட்டருக்கு (ஸ்பீக்கர் பெட்டியில் உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு) அருகில் காதை வைத்து, பாட்டு இல்லாமல் கேளுங்கள். லேசான இரைச்சல் சரி. நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்கும் 'ம்ம்ம்' சரியில்லை, அன்றைக்கே விற்பனையாளருக்கு எழுதுங்கள். 4 ஓம், 8 ஓம் முனைகள் இரண்டிலும் இரண்டு நாள் வைத்துக் கேட்டு, எதில் அடிநாதம் கட்டுக்குள் இருக்கிறதோ அதிலேயே விடுங்கள். மாற்றும் முன் ஆம்ப்பை அணைக்க மறக்க வேண்டாம்.

ஒரு வாரத்தில் மறுபடி பயாஸ், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் மூன்றாம் எண் வால்வுக்கு நேராக 38, 38, 37 என்று வந்து, ஒரு தடவை 31 என்று இருந்தது. திருகி 38க்குக் கொண்டுவந்தேன், ஒரே மாதத்தில் மறுபடி 30. காதுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஜோடியை அன்றே மாற்றினேன்.